பின்காற்று

கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிட்டு, அதன் பிறகு காற்றைத் தடுக்க ஒரு தட்டி செய்து மாட்டிக்கொள்வதில் ஒரு முரண் இருக்கிறது. இந்த முரணைக் கேலி செய்வது சுலபம். நானும் செய்தேன். கேலி செய்ததில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கேலி எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் மிஷிகனில் இருக்கிறான். பழைய மாஸ்டா மியாட்டா ஒன்றை வாங்கியிருந்தான். 1989இல் ஷிகாகோ கண்காட்சியில் முதலில் காட்டப்பட்ட சிறிய கார். இரண்டே இருக்கைகள். துணிக் கூரை. கொக்கிகளை விடுவித்துக் கையாலேயே பின்னால் தள்ளிவிடலாம். அந்த வண்டிக்கு வீட்டிலேயே ஒரு காற்றுத் தடுப்பு செய்துகொண்டிருப்பதாகவும், அட்டையில் வார்ப்பு வெட்டியாகிவிட்டது என்றும் எழுதியிருந்தான். அனுபவம் வேண்டும், அதன் விலை மட்டும் வேண்டாம் என்பதுதான் நம் வர்க்கத்தின் நோய் என்று பதில் எழுதினேன். மழையை ரசிப்பதற்கு ஜன்னல் கேட்கிற கவிதைகளைப் பற்றி நான் ஏற்கெனவே ஒரு கட்டுரை எழுதியிருந்ததால், வாக்கியம் தயாராக இருந்தது.

என் பக்கம் சரித்திரமும் இருந்தது. ஆரம்பத்தில் கார்கள் பெரும்பாலும் திறந்தவைதான். ஓட்டுகிறவர்கள் தூசிக்கு நீண்ட கோட்டும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்தார்கள். 1920களில் மூடிய கார்கள் மலிவாகி, திறந்த கார் சிறுபான்மையாகிவிட்டது. அதன்பின் திறந்திருத்தல் என்பது நிலைமையாக இல்லாமல் தேர்வாகிவிட்டது. தேர்வு என்பதால் விலையும் கூடியது. 1976இல் கடிலாக் எல்டொராடோவை அமெரிக்காவின் கடைசித் திறந்த கார் என்று சொல்லி விற்றார்கள். ஆறே வருஷத்தில், 1982இல், வேறு கம்பெனி மறுபடியும் ஆரம்பித்தது. வேண்டாமென்று விட்டதை விலை கொடுத்துத் திரும்ப வாங்கும் ஆசை அது.

மரினெட்டியையும் இழுத்திருந்தேன். 1909இல் வெளியிட்ட பிரகடனத்தில் அவர் பந்தயக் காரை லூவ்ரில் இருக்கும் சாமோத்ரேஸின் வெற்றிச் சிற்பத்துக்கு மேலே வைத்தார். அதே பிரகடனத்தில் அவருடைய வண்டி பள்ளத்தில் கவிழ்கிறது. கவிழ்ந்ததையும் அவர் கொண்டாடுகிறார். வேகத்தின் விலையை ஒப்புக்கொண்ட மனிதர் என்று அவரைப் பாராட்டி, நண்பனைச் சிறுமைப்படுத்தியிருந்தேன். 1927இல் நீஸ் நகரில் இஸடோரா டங்கன் திறந்த காரில் புறப்பட்டபோது, கழுத்திலிருந்த நீண்ட துணி சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். அதையும் எழுதலாமென்று நினைத்து, பிறகு விட்டுவிட்டேன். ஒரு மரணத்தை எதிராளியின் வாதத்துக்குப் பதிலாக வைப்பதில் ஏதோ மலினம் இருப்பதாகத் தோன்றியது. அத்துடன், என் வாதத்துக்கு அது உதவவும் இல்லை. அந்தக் கழுத்து யாருக்கும் தத்துவமாக இருக்கவில்லை.

2

நண்பன் கோபப்படவில்லை. ‘நீ கேலி செய்தது சரி, ஆனால் வேறு காற்றைக் கேலி செய்திருக்கிறாய்’ என்று ஆரம்பித்து எழுதியிருந்தான்.

காற்றே இல்லாத நாளில் அந்த வண்டி மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்று முன்கண்ணாடியில் மோதி அதன் சரிவில் ஏறுகிறது. கண்ணாடியின் மேல்விளிம்பு வந்ததும் பிடிப்பு விட்டுப் பிரிந்து, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. அதற்குக் கீழே, இருக்கைகள் இருக்கும் பள்ளத்தில், அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்ப, பின்னால் போய் இறங்கிய காற்று திரும்பி, இரண்டு இருக்கைகளுக்கு நடுவிலும் தோளுக்கு மேலாகவும் முன்னோக்கிப் பாய்கிறது. பிடரியில் அறைகிறது. வண்டி முன்னால் போக, தலைமுடியும் முன்னால் பறந்து முகத்தில் விழுகிறது.

இதை அவன் புத்தகத்திலிருந்து எழுதவில்லை. கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, இருக்கையின் மேல்பகுதியிலும் பின்னாலிருந்த தட்டிலும் ஒட்டும் நாடாவால் ஒட்டிவிட்டு ஓட்டியிருக்கிறான். நூல்கள் எல்லாம் பின்னால் பறக்கும் என்று எவரும் எதிர்பார்ப்போம். அவை முன்கண்ணாடியைக் காட்டிக்கொண்டு நின்றனவாம்.

அந்த நூல்கள்தான் என் கேலியை நிறுத்தின. நான் எதை வெளி என்று நினைத்தேனோ அது அங்கே இல்லை. கழுத்தில் அடிப்பது வயலின் காற்றோ ஏரியின் காற்றோ அல்ல. ஓட்டுகிறவனின் வேகமும் அவன் முகத்தைக் காக்கிற கண்ணாடியும் சேர்ந்து உண்டாக்கிய காற்று. கண்ணாடி இல்லையென்றால் அவன் முகத்தில் நேராக வாங்கியிருப்பான். முன்பக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டதால் பின்பக்கத்தில் வாங்குகிறான். பின்னால் வைக்கும் தடுப்பு திறந்தவெளியை மறுக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தன்னுடைய முதல் பாதுகாப்பு உண்டாக்கிய விளைவைத்தான் அது மறுக்கிறது.

சாமோத்ரேஸ் சிற்பத்தைப் படத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். எதிர்க்காற்றில் ஆடை உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. முன்னால் கண்ணாடி இல்லை. தலையும் இல்லை. அவளுக்குப் பின்காற்றுப் பிரச்னை இருந்திருக்க முடியாது. நமக்குத் தலை இருக்கிறது.

ஆனால் இதோடு பிரச்னை முடியவில்லை. ஒரு காப்பு இன்னொரு காப்பைக் கேட்கிறது என்றால், எங்கே நிறுத்துவது? 1989இல்தான் மெர்ஸிடிஸ் பென்ஸ் தன் புதிய எஸ்எல் காரில் இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் வலைத்தடுப்பைக் கொண்டுவந்தது. 2004இல் அதே கம்பெனி இருக்கையின் தலைப்பகுதியிலிருந்து கழுத்துக்கு வெந்நிறக் குளிர் போக்கும் சூடான காற்றை ஊதும் ஏற்பாடு செய்தது. 2010இல் முன்கண்ணாடியின் விளிம்பில் எழும்பி நின்று காற்றை இன்னும் உயரத் தூக்கிவிடும் தகடு வந்தது. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் நண்பன் சொன்ன பௌதிகத்தாலேயே நியாயப்படுத்தலாம். கடைசியில் எஞ்சுவது, கூரை இல்லாததுபோல் தோன்றும் ஓர் அறை. எவ்வளவு தடுக்கலாம் என்பதற்குப் பௌதிகத்தில் பதில் இல்லை. எதற்காகத் தடுக்கிறோம் என்று கேட்டால் ஒருவேளை கிடைக்கலாம்.

3

எதற்காக என்று அவன் முதலில் எழுதவில்லை. அந்தக் கோடையில் அவனுடைய அப்பா அங்கே போயிருந்தார். சோழவந்தான் பக்கம் கொடிக்கால் வைத்திருப்பவர். வண்டியில் ஏறியதும் துண்டை எடுத்து முண்டாசு கட்டிக்கொண்டார் என்று வேடிக்கையாக எழுதியிருந்தான். அவருக்காகத்தான் தடுப்பு என்று நான் ஊகித்துக்கொண்டேன். ஊகம் பாதி சரி.

முதல் தடுப்பை அக்ரிலிக் தகட்டில் செய்தான். அட்டை வார்ப்பைத் தகட்டின் மேல் வைத்து வரைந்து, பாதுகாப்புத் தாளை உரிக்காமலே பொடிப்பல் வாளால் அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, இருக்கைப் பட்டைகள் புறப்படும் இரண்டு மேடுகளுக்கு நடுவில் நிறுத்தினான். பிடரிக்காற்று அடங்கியது. ஆனால் இரவில் பின்னால் வரும் வண்டிகளின் விளக்குகள் தகட்டில் இரட்டித்துத் தெரிந்தன. தகட்டின் மேல்விளிம்பைத் தாண்டிய காற்று விட்டுவிட்டு உச்சந்தலையில் அறைந்தது. அதைவிட, அக்ரிலிக் உடைந்தால் கூர்த்துண்டுகளாக உடையும். அப்பாவின் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி அதை நிறுத்தியிருக்கிறோம் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. உறைத்த அன்றே கழற்றிவிட்டான். எளிதில் உடையாத பாலிகார்பனேட் தகடு வாங்க நினைத்திருக்கும்போது, அப்பா குறுக்கிட்டார்.

‘கொடிக்காலுக்குச் சுவரா எழுப்புறோம்? தட்டிதானப்பா வைக்கிறோம்’ என்றாராம்.

கொடிக்காலில் அகத்தியில் வெற்றிலைக் கொடியை ஏற்றுவார்கள். மெல்லிய இலை, பலத்த காற்றில் கிழிந்துவிடும். கிழிந்த இலைக்குச் சந்தையில் மதிப்பில்லை. ஆகவே ஓரங்களில் வாழையும் கீற்றுத் தட்டியும். சுவர் வைத்தால் காற்று அதில் ஏறி அந்தப் பக்கம் புரண்டு விழும். தட்டி கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு மீதியைத் தணிக்கும். வேளாண் ஆராய்ச்சியும் இதையேதான் சொல்கிறது: ஏறத்தாழப் பாதிப் பரப்பு துளையாக உள்ள தடுப்பு, முழுச்சுவரைவிட நெடுந்தூரத்துக்குக் காற்றை அடக்கிவைக்கிறது. உள்ளே விடப்பட்ட அந்தக் கொஞ்சக் காற்றுதான் பின்னால் சுழல் உண்டாகாமல் பார்த்துக்கொள்கிறது. மெர்ஸிடிஸ்காரர்கள் வலையைத் தேர்ந்ததும், கொடிக்கால்காரர் கீற்றைத் தேர்ந்ததும் வேறுவேறு வழியில் ஒரே இடத்துக்கு வந்ததுதான்.

அவர்கள் இருவருமாக ஒரு அலுமினியச் சட்டத்தில் ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டினார்கள். அப்பா ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள மகன் மறுமுனையை இழுத்தான். பிடிப்புக்கு வெல்க்ரோ பட்டைகள். சட்டத்தின் முனை படாமலிருக்கக் குழாய்க்குச் சுற்றும் நுரையுறை. காதளவு உயரம், அவ்வளவுதான். அதற்கு மேல் தலைமுடி ஆடிக்கொண்டிருந்தது. நூல்களை மறுபடி ஒட்டிப் பார்த்தபோது அவை எந்தப் பக்கத்தையும் தீர்மானமாகக் காட்டாமல் தொங்கினவாம். படம் அனுப்பியிருந்தான். அழகாக இல்லை.

4

முன்பே ஒரு மின்னஞ்சலில், ‘கொடிக்காலைக் கொடுத்துவிட அப்பா சம்மதித்துவிட்டார்’ என்று ஒரு வரி எழுதியிருந்தான். அவருக்கு வயதாகிவிட்டது. ஆள் கிடைப்பதில்லை. விற்றுவிட்டு மகனோடு இருக்கலாம் என்பது நியாயமான யோசனை. நான் அந்த வரியைக் கவனிக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அவர் எங்கள் கிளைக்கு வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வந்தார். கவுன்ட்டரில் என்னைக் கண்டுகொண்டு சொன்னார்: ‘முத நாளு வண்டியில போகையில என்னமோ சொன்னான் தம்பி. காத்து இரைச்சல். ஒண்ணும் கேக்கல. பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு தலைய ஆட்டி வச்சேன். தட்டி கட்டின பொறவு இன்னொருக்காக் கேட்டான். அப்பத்தான் தெரிஞ்சுது. மாட்டேன்னுட்டேன்.’

அன்று இரவு நண்பனுக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. முதல் தடவை அப்பாவுக்குக் கேட்கவில்லை என்று தனக்கு அப்போதே தெரியும் என்று எழுதியிருந்தான். தெரியும் என்பதுகூடச் சரியான சொல் இல்லை, தெரியாமலிருக்க வசதியாக இருந்தது என்று திருத்தியிருந்தான். வீட்டில், சாப்பாட்டு மேஜையில், அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து கேட்கத் தைரியமில்லை. நெடுஞ்சாலையில், கண் ரோட்டில் இருக்கும்போது, பாதிக் குரலில் கேட்டுவிட்டான். தலையாட்டல் கிடைத்தது. ஊரிலிருக்கும் தரகருக்குப் போன்கூடப் பண்ணிவிட்டான். அதன்பின் தூக்கம் வரவில்லை. அப்போதுதான் கம்பளி நூலை வெட்ட உட்கார்ந்திருக்கிறான்.

ஆக, நான் வர்க்கத்தின் நோய் என்று எழுதிய அந்தப் பொருள், ஒரு மனிதன் தனக்குக் கிடைத்துவிட்ட சம்மதத்தை இழப்பதற்காகக் கையால் செய்துகொண்டிருந்த பொருள். அவன் செய்யாமலிருந்திருக்கலாம். யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அவர் தலையாட்டியது உண்மை. அவன் கேட்டதும் உண்மை. இரண்டு உண்மைகளைச் சேர்த்தால் சம்மதம் என்று பெயர் வைத்துவிடலாம்.

திறந்திருத்தல் என்பதை நாம் வெளிப்பாட்டின் குணமாகவே பேசி வந்திருக்கிறோம். மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது, கூரையில்லாமல் நிற்பது. நண்பன் முதல் நாள் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லத்தான் செய்தான். கூரையும் இல்லை. அப்படியிருந்தும் அங்கே ஒன்றும் திறந்திருக்கவில்லை. எதிராளி கேட்டு, புரிந்து, மாட்டேன் என்று சொல்ல இடமிருந்தால்தான் சொன்னவன் திறந்திருக்கிறான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அந்த இடம் தானாக இருப்பதில்லை. வேகமாகப் போகிறவன் அதைச் செய்து வைக்க வேண்டியிருக்கிறது. இரைச்சலை உண்டாக்குகிறவன் அவன்தானே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் வெறுமனே தலையாட்டுவதற்கு அவனுடைய அறியாமை காரணமில்லை. மரியாதை காரணமாயிருக்கலாம். களைப்பு காரணமாயிருக்கலாம். தலையாட்டாவிட்டால் மறுபடியும் கத்த வேண்டியிருக்குமே என்ற இரக்கம்கூடக் காரணமாயிருக்கலாம்.

நான் இதை நண்பனைப் பற்றியதாகவே வைத்திருக்க முடிந்தால் சௌகரியமாக இருக்கும். சில வருஷங்களுக்கு முன் நான் கடன் மேஜையில் இருந்தேன். உறவினன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஒரு அம்மாள் வந்தாள். அவன் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும் என்று சொன்னேன். சொன்னேன் என்பதை எங்கேயும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் வெளியே வரிசை நின்றது. தாள்களைத் திருப்பித் திருப்பி, இங்கே, இங்கே, இங்கேயும் என்று பேனாவால் காட்டிக்கொண்டே சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே போட்டாள். நோட்டீஸ் போனபோது வந்து நின்றாள். ‘நீங்க சொல்லலியே சார்’ என்றாள். ‘சொன்னேனே அம்மா’ என்றேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சட்டப்படி பிரச்னை தீர்ந்துவிட்டது. அவள் போனபிறகு, பின்னாலிருந்து யாரோ அநியாயமாக அடித்துவிட்டாற்போல் எனக்குக் கோபம் வந்தது. எந்த வேகத்தில் யார் போய்க்கொண்டிருந்தார் என்று யோசிக்க அன்று எனக்குக் கம்பளி நூல் இருக்கவில்லை.

நம் பத்திரிகைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. முந்நூறு பேர் படிக்கிறார்கள் என்று நாம் பெருமைப்படுகிறோம். நாம் எழுதுகிற தமிழின் வேகத்தில் அவர்களில் எத்தனை பேர் தலையாட்டுகிறார்கள், எத்தனை பேர் கேட்கிறார்கள்? மறுப்புக் கடிதங்கள் வருவதில்லை என்பதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். இதற்காக எல்லாவற்றையும் எளிதாக்கிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வணிகப் பத்திரிகைகள் அந்தச் சுவரைக் கட்டி முடித்துவிட்டன, உள்ளே காற்றே இல்லை. காதளவு உயரத்தில், பாதி துளையாக, ஏதாவது செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

5

நண்பனின் அப்பா அன்று கவுன்ட்டரில் நின்றபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வண்டிக் கதையைச் சொல்லி முடித்ததும் அவருடைய வைப்புத்தொகையை எடுத்தேன். ஒரு வருஷத்துக்கு வட்டி இவ்வளவு, மூன்று வருஷத்துக்கு இவ்வளவு, நடுவில் எடுத்தால் இவ்வளவு குறையும் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். மூன்று வருஷம் என்று எழுத ஆரம்பித்தேன். மேஜை மின்விசிறி என் பக்கத்திலிருந்து அவர் முகத்தைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. டோக்கன் எண் கூப்பிடும் மணி வேறு. பேனாவை வைத்துவிட்டு விசிறியை நிறுத்தினேன். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

‘நடுவுல எடுத்தாக் கொறையுமா? அப்ப ஒரு வருசமே போடுங்க தம்பி. அகத்தி நட வேண்டியிருக்கு’ என்றார்.

அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் போனதும், உஷ்ணம் தாங்காமல் விசிறியைப் போட்டுவிட்டேன்.